செயப்பாட்டு வினை

பதினொரு வருடமாக வளாகத்தின் கூட்டக் குறிப்புகளை
நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
தீர்மானிக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது.
விரல்களுக்குப் பாடம்.
இந்தக் கந்தோரில் ஒருவரும் எதையும் செய்வதில்லை,
எல்லாம் செய்யப்பட்டுவிடுகிறது.

ஆடி மாதம், கச்சான் அடிக்கிற காலம்.
நிலாவெளி வீதியில் தார் இளகிச் செருப்பைப் பிடிக்கும்.
வெள்ளிவிழா மரதன் ஓட்டம் காலை ஐந்தரைக்கு என்றுதான் இருந்தது.
பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வருகிறார்,
சீனக்குடாவில் இறங்கப் பத்தாகும் என்றார்கள்.
கொடி அசைக்க ஆள் வேண்டாமா?
பதினொன்றுக்கு மாற்றத்
தீர்மானிக்கப்பட்டது.

விளையாட்டுப் போதனாசிரியர் இம்தியாஸ் ஒரு கடிதம் தந்தார்.
ஒரே பக்கம், கோழி கிளறின எழுத்து.
"ஐயா, பதினொன்றுக்கு நாய்கூட வீதியைக் கடக்காது.
அம்புலன்ஸ் ஒன்றுதான் இருக்கிறது.
பிள்ளைகள் ஏலாது என்று சொல்ல மாட்டார்கள்,
நாங்கள்தான் சொல்ல வேண்டும்."
கோப்பில் கோர்த்து முதல்வரின் மேசையில் வைத்தேன்.
பின்னேரம் திரும்பி வந்தது,
ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல்:
பார்த்தேன்.

லோஜிதன் கட்டைபறிச்சான் பெடியன். இரண்டாம் வருடம்.
முன்னுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தான்.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் வளைந்து வளைந்து போனானாம்.
பகிடி காட்டுகிறான் என்று நின்றவர்கள் சிரித்தார்களாம்.
பிறகு வேலியைப் பிடிக்கக் கை நீட்டினான்.
அங்கே வேலி இல்லை.

உயிர் தப்பியது. சிறுநீரகம் தப்பவில்லை.
கிழமைக்கு இரண்டு தரம்
ஆஸ்பத்திரியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான்.
இரத்தம் மட்டும் வெளியே ஓடிப்போய்
அவனிடம் திரும்பி வருகிறது.

விசாரணைக் குழு மூன்று தரம் கூடியது.
தேத்தண்ணி, பிஸ்கட், ஒரு தட்டு கஜு.
போதனாசிரியரின் கவனயீனம் அவதானிக்கப்பட்டது.
ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதிருக்கத் தீர்மானிக்கப்பட்டது.
முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்து முடித்த பிறகும்.

கெட்ட மனிதர் என்று என்னால் சொல்ல முடியாது.
அம்மா செத்த அன்று பாலையூற்றுக்கு வந்து
பந்தலில் கடைசி ஆள் எழும்பும்வரை இருந்தவர்.
லோஜிதனுக்கு மாதாமாதம் தன் சம்பளத்தில் காசு அனுப்புகிறார்,
ஒருவருக்கும் தெரியாமல்.
வங்கிப் படிவத்தை நான்தான் கொண்டுபோவேன்.
அனுப்புபவர் என்ற கட்டத்தில்
பெயரை முழுதாக எழுதியிருப்பார்.

ஓரிரவு நித்திரை வராமல் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.
பார். த். த். ஏன்.
பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி.
பதினொரு வருடக் குறிப்புகளைக் கிளறினாலும் அகப்படாத விகுதி,
நான் என்று ஒப்புக்கொள்கிற விகுதி.
அதைத் தனியே எடுத்து வைத்தால்
கேள்வியாகிவிடுகிறது.

இன்று காலை கூப்பிட்டார்.
மேலிடம் கோப்பைக் கேட்கிறதாம்.
"தேவையில்லாத தாள்களை எடுத்துவிட்டு அனுப்புங்கோ."
எது தேவையில்லாதது ஐயா என்று கேட்டேன்.
மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்,
அது சொல்லும் என்பது போல.

மத்தியானம் சாப்பிடாமல் இருந்து
ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பில் இலக்கம் போட்டேன்.
இம்தியாஸின் கடிதம் நாற்பத்தொன்று.
கடைசித் தாளில் எழுதினேன்:
மொத்தம் எண்பத்தாறு. எண்ணியது நான்,
சின்னத்தம்பி யோகமலர்.
கை கொஞ்சம் நடுங்கியது. ம எழுத்து கோணல்.

பஸ் நிலையத்தில் வழமைபோல மான்கள்.
ஒன்று சுவரில் பழைய மரதன் சுவரொட்டியைக் கடித்து இழுக்கிறது.
பிரதம விருந்தினரின் தோள்வரை தின்றாயிற்று.
நாளைக்கு எனக்கு இடமாற்றம் வழங்கப்படலாம்.
பஸ் வரவில்லை இன்னும்.
மான் இப்போது நேரம் போட்டிருந்த வரியில் நிற்கிறது,
மெதுவாக மென்றுகொண்டு.